31 கி.மீ. சுற்று, 1,950 மீ. ஏற்றம்: எந்தப் பக்கமாக ஓடுவது?

#1 புதுத்தடம்

வணக்கம். மலைப்பகுதி தேசியப் பூங்கா ஒன்றில் ஒரே பகலில் ஓடி முடிக்க ஒரு சுற்று போட்டு வைத்திருக்கிறேன். கோடை தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். கணவாயின் வடக்குச் சரிவில் பனித்திட்டு மிச்சம் இருக்கலாம். மரங்கள் 2,250 மீட்டர் வரைதான். அதற்கு மேல் வெறும் கல்லும் புல்லும். துண்டு துண்டாகப் பிரித்தது கீழே:

அ) வண்டி நிறுத்தம் (1,450) → ஏரி (1,900): 6.5 கி.மீ., ஏற்றம் 470, இறக்கம் 20
ஆ) ஏரி → கணவாய் (2,740): 5 கி.மீ., ஏற்றம் 860, இறக்கம் 20
இ) கணவாய் → முகட்டு வழியாகத் தெற்குச் சேணம், அதாவது இரு மேடுகளுக்கு நடுவே தாழ்ந்த இடம் (2,620): 4 கி.மீ., ஏற்றம் 180, இறக்கம் 300
ஈ) சேணம் → ஆற்றுப் பள்ளத்தாக்கு (1,640): 6.5 கி.மீ., ஏற்றம் 40, இறக்கம் 1,020
உ) பள்ளத்தாக்கு → வண்டி நிறுத்தம்: 9 கி.மீ., ஏற்றம் 400, இறக்கம் 590. இதில் 3வது கி.மீ.யில் ஆற்றைக் கடக்க வேண்டும்.

நான் நினைத்திருப்பது தலைகீழாக: உ, ஈ, இ, ஆ, அ. காலை 7 மணிக்குக் கிளம்பினால், ஏரியில் காலை நனைத்துக்கொண்டு நிதானமாக முடிக்கலாம் என்று ஓர் ஆசை.

சந்தேகம் இரண்டு. ஒரு செயலி மொத்த ஏற்றம் 1,950 என்கிறது, இன்னொன்று 2,310 என்கிறது; எதை நம்புவது? எவ்வளவு நேரம் ஆகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

#2 கோட்டுக்கணக்கு

ஏற்றத்தை முதலில் முடித்துவிடுவோம். இரண்டு செயலியின் எண்ணும் பாதையை யாரும் அளந்து சொன்னதல்ல. உங்கள் ஜிபிஎக்ஸ் கோப்பில் உள்ள பாதைக் கோட்டை ஒரு உயர மாதிரியின் (தரையின் உயரத்தைக் கட்டம் கட்டமாகக் குறித்த தரவு) மேல் போர்த்தி, ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே என்ன உயரம் என்று எடுத்துக் கூட்டுகிறார்கள். 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடார் வழியாக எடுத்த எஸ்ஆர்டிஎம் என்ற உயரத் தரவு பல இடங்களில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர்.

இப்போது 35 டிகிரி சரிவில் கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும் பாதையை நினைத்துப் பாருங்கள். உங்கள் கோடு பக்கவாட்டில் 30 மீட்டர் பிசகினால் உயரம் 21 மீட்டர் பிசகும். ஒரு வளைவில் மேலே, அடுத்த வளைவில் கீழே என்று இந்தப் பிசகு மாறி மாறி வரும். செயலி அத்தனையையும் ஏற்றமாகக் கூட்டிவிடும். 2,310 இப்படித்தான் வந்திருக்கும். 1,950 சொன்ன செயலி சின்ன ஏற்ற இறக்கங்களை வடிகட்டிவிட்டுக் கூட்டுகிறது.

சரிபார்க்க ஒரே வழி கையால் எண்ணுவது. 1:25,000 வரைபடத்தை எடுங்கள். சம உயரக் கோடுகள் 20 மீ. இடைவெளியில் இருந்தால், ஏறும் திசையில் வெட்டுகிற கோடுகளை மட்டும் எண்ணி 20ஆல் பெருக்குங்கள். தடித்த கோடு 100 மீட்டருக்கு ஒன்று, அதனால் எண்ணுவது சுலபம். இதிலும் ஒரு ஓட்டை உண்டு: 20 மீட்டருக்குக் குறைந்த மேடுபள்ளம் கோட்டில் விழாது. ஆ, ஈ இரண்டிலும் இது பெரிய விஷயமில்லை. இ துண்டு முகடு. அங்கே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். 180 என்று போட்டிருப்பதை 230 என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள்.

#3 இடிமேகம்

ஏற்றக் கணக்கு இருக்கட்டும். 7 மணிக்குத் தலைகீழாகக் கிளம்பினால் கணவாய்க்கு எத்தனை மணிக்கு வருவீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல. மலையில் கோடைக்கால இடிமழை மதியத்தில் கட்டுது. காலை வெயிலில் சரிவு சூடாகி, காற்று மேலே போய், பதினொரு மணிக்குள்ளேயே குமுலஸ் மேகம் (பஞ்சுப்பொதி மாதிரித் திரளும் மேகம்) கோபுரமா எழும்புறதைப் பார்க்கலாம். நீங்க அந்த நேரம் மரமில்லாத முகட்டில் 4 கி.மீ. ஓடிக்கிட்டு இருப்பீங்க போலத் தெரியுது.

#4 புதுத்தடம்

நேரம் போடத் தெரியாததால்தான் கேட்கிறேன். கைவசம் இருப்பது ஒரே எண்தான்: இதே மாதிரிக் கல்பாதையில் 24 கி.மீ., 900 மீ. ஏற்றம், நிறுத்தங்கள் கழித்து 4 மணி 8 நிமிடம்.

#5 நாழிகை

அது போதும். டிரெயில் (மலைத்தட) பந்தயங்களில் புழங்கும் முயற்சி-கிலோமீட்டர் கணக்கு இது: தூரத்தோடு, ஏற்றத்தை 100ஆல் வகுத்துக் கூட்டுங்கள். உங்கள் 24 கி.மீ. ஓட்டம் 24 + 9 = 33. 248 நிமிடத்தை 33ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 7.5 நிமிடம். சாலையில் ஓடும் வேகத்தை இங்கே கொண்டுவராதீர்கள், அது வேறு உலகம்.

நேர் திசையில்:
அ: 6.5 + 4.7 = 11.2 → 84 நிமிடம்
ஆ: 5 + 8.6 = 13.6 → 102
இ: 4 + 1.8 = 5.8 → 44
ஈ: 6.5 + 0.4 = 6.9 → 52
உ: 9 + 4 = 13 → 98
மொத்தம் 380 நிமிடம், அதாவது 6 மணி 20 நிமிடம்.

தலைகீழாகப் போனால் உ 112, ஈ 125, இ 53. ஆக, கணவாய்க்கு 290 நிமிடம். 7 மணிக்குக் கிளம்பினால் 11:50. தண்ணீர் பிடிக்க, சட்டை மாற்ற என்று 20 நிமிடம் சேர்த்தால் மதியம் 12:10. இடிமேகம் பயந்தது சரிதான்.

நேர் திசையில் கணவாய்க்கு 186 நிமிடம். 5 மணிக்குக் கிளம்பி ஏரியில் 10 நிமிடம் நின்றால் 8:16. முகடு முடிவது 9 மணி.

#6 சரளைக்கால்

நாழிகை சார், உங்கள் கணக்கில் ஈ துண்டுதான் உதைக்கிறது. 1,020 மீட்டர் இறங்குவதை இந்தச் சூத்திரம் இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. கல் நிறைந்த பாதையில் அப்படி நடக்காது.

1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன பழைய விதியிலும் இதே குறைதான்: மணிக்கு 5 கி.மீ. நடை, 600 மீ. ஏற்றத்துக்குக் கூடுதலாக 1 மணி. இறக்கத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பின்னால் எரிக் லாங்முயர் என்ற மலையேறி அதைத் திருத்தினார்: 5 முதல் 12 டிகிரி வரையிலான இறக்கத்தில் 300 மீட்டருக்கு 10 நிமிடம் கழி, 12 டிகிரிக்கு மேல் போனால் 300 மீட்டருக்கு 10 நிமிடம் கூட்டு. நடப்பவருக்கு எழுதியதுதான். ஆனால் செங்குத்துக் கல்லில் ஓட்டக்காரரும் நடப்பவர்தான்.

ஈ துண்டின் சராசரிச் சரிவு 16% கூட இல்லை, 9 டிகிரி. சராசரியைப் பார்த்தால் அருமையான இறக்கம். புதுத்தடம், அதில் கோடுகள் நெருங்கிக் கிடக்கும் இடம் இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள்.

#7 புதுத்தடம்

பார்த்தேன். சேணத்துக்குக் கீழே கொஞ்ச தூரம் தள்ளி, 2 கி.மீ.யில் 520 மீ. இறங்குகிறது.

#8 சரளைக்கால்

26%, அதாவது 14.6 டிகிரி. 520க்கு 17 நிமிடம் கூட்டுங்கள். ஈ 69 நிமிடம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் மாட்டுவது. உடலியங்கியல் ஆய்வாளர் மினெட்டியும் கூட்டாளிகளும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டத்தின் ஆற்றல் செலவு மிகக் குறைவாக இருந்தது 20% இறக்கத்தில். சமதளச் செலவில் ஏறக்குறைய பாதி. அதனால் மூச்சு வாங்காது, இதயத்துடிப்பு இறங்கிவிடும், சும்மா பறக்கலாம் என்று தோன்றும். செலவு வேறு இடத்தில் ஏறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைப் பிடிக்கிறது. அந்த வேலைதான் தசை நார்களைக் கிழிப்பது. உ துண்டில் இன்னும் 400 மீ. ஏற்றம் மிச்சமிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஈ முடியும்போது தொடை நடுங்கினால், அந்த 400 மீட்டரைத் தவழ்ந்துதான் போக வேண்டியிருக்கும்.

இதற்கு மருந்து ஓட்டத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். 10 நாள் முதல் 2 வாரம் முன்னால் ஒரே ஒரு நீண்ட இறக்கப் பயிற்சி, 500 அல்லது 600 மீ. இறக்கம். அடுத்த இரண்டு நாள் படி இறங்க முடியாது. ஆனால் அதே தசை அடுத்த முறை வெகுவாகத் தாங்கும். அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும். கடைசி வாரத்தில் செய்தால் வலியோடுதான் கிளம்புவீர்கள்.

இறங்கும்போது அடியைச் சின்னதாக்குங்கள், உடலைப் பின்னால் சாய்க்காதீர்கள். சாய்ந்தால் குதிகால் முதலில் விழும், ஷூவின் அடிப்பற்கள் பிடிக்காமல் சரளையில் வழுக்கும். கண் காலடியில் இருக்கக் கூடாது, 3-4 மீட்டர் முன்னால் இருக்க வேண்டும்.

#9 ஆற்றங்கரை

எல்லாரும் கணவாயையே பேசுகிறீர்கள். ஆற்றை யாரும் கவனிக்கவில்லையே. பாலம் இருக்கிறதா?

பனி உருகி வரும் ஆறு நாள் முழுக்க ஒரே அளவாக ஓடாது. இரவில் மேலே உறைவதால் அதிகாலையில் குறைவு. வெயில் ஏற ஏறக் கூடி, பிற்பகலிலோ மாலையிலோ உச்சத்துக்குப் போகும். காலையில் கெண்டைக்கால் அளவு இருந்த இடம் மாலையில் தொடை அளவு. வேகம் இரண்டு மடங்கானால் நீரின் தள்ளுவிசை நான்கு மடங்கு. முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் தண்ணீரில் தனியாள் இறங்கவே கூடாது.

நேர் திசையில், 5 மணிக்குக் கிளம்பினால்: சேணம் 9:00, பள்ளத்தாக்கு 10:09, தண்ணீர் பிடிக்க 10 நிமிடம், ஆறு ஏறக்குறைய 10:50. நேரம் மோசமில்லை. பிரச்சினை நேரத்தில் இல்லை. அங்கே போய் நின்று, கடக்க முடியாது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? திரும்ப ஆயிரம் மீட்டர் ஏறி, மதிய இடியில் முகட்டைத் தாண்டி, மறுபக்கம் இறங்க வேண்டும். தலைகீழாக வந்தால் ஆறு 6வது கி.மீ.யில், முடியவில்லையா, 6 கி.மீ. திரும்பி ஓடி வண்டியில் ஏறிவிடலாம்.

முகட்டைப் பார்த்தால் நேர் திசை. ஆற்றைப் பார்த்தால் தலைகீழ். பாலம் உறுதி என்றால் மட்டும்தான் இந்த முடிச்சு அவிழும்.

#10 நாழிகை

ஒப்புக்கொள்கிறேன், நேரக் கணக்கு இதைக் காட்டாது. எந்தச் சுற்றுக்கும் 'இதைத் தாண்டினால் திரும்புவதைவிட முடிப்பதுதான் சுருக்கம்' என்று ஒரு புள்ளி உண்டு. நேர் திசையில் அது இ துண்டு முடியும் சேணத்தை ஒட்டி வருகிறது. அதற்குப் பிறகு இப்படி ஒரு பூட்டு இருக்கவே கூடாது.

#11 கற்பூரவல்லி

வரைபடத்தில் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து, ஆற்றைக் கடக்காமலே, மேற்கே ஒரு புள்ளிக்கோடு போகிறதா? பல பூங்காக்களில் பழைய ரோந்துப் பாதை அப்படி இருக்கும். இருந்தால் அதுவே தப்பிக்கும் வழி.

#12 புதுத்தடம்

இருக்கிறது! 7 கி.மீ., இன்னொரு வண்டி நிறுத்தத்தில் முடிகிறது.

#13 கோட்டுக்கணக்கு

அவசரப்பட வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (எவரும் திருத்தக்கூடிய இணைய வரைபடம்) அந்தக் கோட்டைத் தொட்டு அதன் குறிச்சொற்களைப் பாருங்கள். 'சாக் ஸ்கேல்' என்பது பாதை எவ்வளவு கடினம் என்பதற்கான அளவு. டி1 முதல் டி6 வரை. டி3க்கு மேல் கை வைத்து ஏற வேண்டிய இடங்கள் வரும், ஓட்டம் நின்றுவிடும். 'டிரெயில் விசிபிலிட்டி' என்பது பாதை கண்ணுக்குத் தெரிகிறதா என்பது. அதில் 'பேட்' என்றோ 'நோ' என்றோ இருந்தால் தரையில் பாதை இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகத் திருத்திய ஆண்டையும் பாருங்கள். பிறகு பூங்காவின் மூடல் அறிவிப்பு. விலங்குகள் குட்டி போடும், பறவைகள் கூடு கட்டும் காலத்தில் பக்கப் பள்ளத்தாக்குகளை மூடி வைப்பது வழக்கம்.

#14 புதுத்தடம்

பாதை தெரிவது 'பேட்'. பூங்கா அறிவிப்பில் கோடை நடுப்பகுதி வரை மூடல். அந்த வழி போச்சு. பாலம் பற்றி அலுவலகத்தில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

#15 உறைபனி

அதற்குள் பனித்திட்டைப் பேசிவிடலாம். ஆ துண்டின் மேல்பாதி வடக்குச் சரிவுதானே? 1:25,000 வரைபடத்தில் 20 மீ. கோடுகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து பாருங்க. 2 மி.மீ. இருந்தால் தரையில் 50 மீ., சரிவு 22 டிகிரி. 1 மி.மீ. என்றால் 25 மீ., சரிவு 39 டிகிரி. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தான், ஆனால் முதலாவதில் ஷூவில் மாட்டும் சின்ன முட்களான மைக்ரோஸ்பைக்கோடு நடக்கலாம், இரண்டாவதில் விழுந்தால் நிற்காது. 30 டிகிரிக்கு மேல் இறுகிய பனி என்றால் அது ஐஸ் கோடரியும் கிராம்பானும் (காலணியில் மாட்டும் நீண்ட இரும்புப் பற்கள்) பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்கான இடம்.

காலை 7:30க்கு அங்கே பனி கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். ஏறுவதற்கு அது நல்லது, ஸ்பைக் கடிக்கும். தலைகீழாக மதியம் இறங்கினால் இளகிப்போயிருக்கும். முழங்கால் வரை புதையும், பாறை ஓரத்தில் அடியில் பொந்து விழுந்திருக்கும், கால் சிக்கும். திட்டின் அகலத்தைவிட முக்கியம், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது. கீழே புல் என்றால் பரவாயில்லை. கீழே பாறைக் குவியலோ விளிம்போ என்றால் 10 மீட்டர் அகலத் திட்டுக்கும் திரும்பிவிடுங்க.

#16 புதுத்தடம்

2.5 மி.மீ. வருகிறது. ஓரிடத்தில் 1.5.

#17 உறைபனி

2.5 என்றால் 18 டிகிரி, கவலை இல்லை. 1.5 என்றால் 28. அந்த ஓரிடம்தான் உங்கள் கணவாய். அங்கே பனி இருக்கிறதா என்று வனக்காவலரிடம் கேளுங்க. 'பனி இருக்கா' என்று பொதுவாகக் கேட்டால் 'கொஞ்சம் இருக்கு' என்றுதான் பதில் வரும். 'கணவாய்க்குக் கீழே கடைசி 100 மீட்டர் ஏற்றத்தில் பாதை தெரிகிறதா, மூடியிருக்கா' என்று கேளுங்க.

#18 இடிமேகம்

மின்னலுக்கு நேரக் கணக்கு எளிது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 நொடிக்கு ஏறக்குறைய 1 கி.மீ. 30 நொடிக்குள் இடி கேட்டால் 10 கி.மீ.க்குள் இருக்கு, முகட்டில் இருக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகும் வரை மேலே திரும்பக் கூடாது.

ஆனா இந்தச் சுற்றில் அந்த விதி அதிகம் உதவாது. ஏன்னா மரக்கோட்டுக்கு மேலே நீங்க இருக்கப்போற நேரம் ஆ துண்டில் 58 நிமிஷம், முகடு 44, ஈ துண்டில் அரை மணி. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இடி கேட்ட பிறகு எங்க ஓடுவீங்க? முடிவு கடைசி மரத்தடியில் எடுக்கணும். 2,250 மீட்டரில் நின்னு வானத்தைப் பாருங்க. மேகத்தின் அகலத்தைவிட உயரம் அதிகமாகிட்டா அதுக்கு மேல ஒரு அடியும் வேண்டாம்.

வாட்ச்சில் காற்றழுத்த உயரமானி இருந்தா ஒரு சின்ன வித்தை. நின்ன இடத்திலேயே உயரம் கூடிக்கிட்டே போச்சுன்னா, நீங்க ஏறலை, அழுத்தம் இறங்குது. அந்த உயரத்தில் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) இறங்கினா உயரம் ஏறக்குறைய 10 மீ. கூடிக் காட்டும். ஏரியில் 1,900 என்று அமைச்சுட்டு 10 நிமிஷம் கழிச்சு 1,920 காட்டினா வானிலை மாறுதுன்னு அர்த்தம்.

முகட்டில் மாட்டிக்கிட்டா: ஊன்றுகோலைத் தூரப் போடுங்க, தனிமரத்தடியும் பாறைக் குகை வாயும் வேண்டாம், சரிவில் எவ்வளவு கீழே இறங்க முடியுமோ இறங்குங்க. பலர் சேர்ந்து ஓடினா விலகி விலகி இறங்கணும்.

#19 ஊற்று

தண்ணீர்க் கணக்கு யாரும் போடவில்லை. ஏரிக்குப் பிறகு அடுத்த நம்பகமான தண்ணீர் ஈ துண்டின் அடியில். நடுவில் 15.5 கி.மீ.; 102 + 44 + 69 = 215 நிமிடம், மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். மணிக்கு 500 மி.லி. என்றால் 1.8 லிட்டர். மார்பில் 500 மி.லி. மென்குடுவை இரண்டும் முதுகில் ஒன்றும் என்று போனாலும் 300 குறையும். ஏரியில் நின்று 300 குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

#20 சரளைக்கால்

மணிக்கு 500 என்று எல்லாருக்கும் ஒரே அளவைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. காலை 8 மணிக்கு 2,700 மீட்டரில் குளிராக இருக்கும், 400 போதும். தாகத்துக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அந்தத் தலைவலியும் குமட்டலும் வறட்சி மாதிரியே தெரியும், இன்னும் குடிப்பார்கள், இன்னும் மோசமாகும்.

#21 ஊற்று

குடிக்கும் அளவில் நீங்கள் சொல்வது சரி. சுமக்கும் அளவில் நான் இறங்கிவர மாட்டேன். மிச்சத்தைக் கீழே ஊற்றலாம், இல்லாததை ஊற்ற முடியாது.

வடிகட்டி பற்றி: 0.1 மைக்ரான் குழல்நார் வடிகட்டி பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. ஒருமுறை ஈரத்தோடு உறைந்துவிட்டால் நார் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, தண்ணீரும் முன்போலவே வரும், ஆனால் கிருமியைப் பிடிக்கும் என்று நம்ப முடியாது. குளிர் இரவில் வண்டியில் விட்டு வைக்காதீர்கள், காலையில் சட்டைக்குள் வையுங்கள். குளோரின் டையாக்சைடு மாத்திரை போட்டால் பொதுவாக 30 நிமிடம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு 4 மணி நேரம். ஓட்டத்துக்கு நடுவே அந்த நாலு மணி நேரம் ஆகாத காரியம்.

#22 உறைபனி

பையில் என்ன இருக்கணும் என்பதில் ஒன்றே ஒன்று சொல்றேன். 1,450க்கும் 2,740க்கும் 1,290 மீ. வித்தியாசம். 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் கீழே 14 டிகிரி என்றால் மேலே 6க்கும் கீழே. காற்றும் நனைந்த சட்டையும் சேர்ந்தால் நின்ற ஐந்தாவது நிமிடத்தில் விரல் மடங்காது, ஜிப் இழுக்க முடியாது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கி.மீ. மலைப் போட்டி ஒன்றில் 21 ஓட்டக்காரர்கள் இறந்தார்கள். குளிர்மழையும் பலத்த காற்றும். பலரிடம் இருந்தது மெல்லிய உடை. அதில் கைதேர்ந்தவர்களும் இருந்தார்கள்.

தையல்களுக்கு உள்ளே பட்டி ஒட்டிய, தலைமூடி உள்ள மழைச்சட்டை. காற்றை மட்டும் தடுக்கும் மெல்லிய சட்டை இதற்கு ஈடாகாது. உலர்ந்த நீளக்கை உள்சட்டை ஒன்று, நீர்புகாப் பைக்குள். கையுறை. போர்த்தும் தகட்டுப் போர்வை காற்றில் கிழிந்து பறக்கும், அதனால் பை வடிவில் உள்ளே புகுந்துகொள்ளும் வகை. மழை தொடங்கும் முன் போடுங்க, நனைந்த பிறகு போட்டுப் பயனில்லை.

விசிலும் வேண்டும். நிமிடத்துக்கு 6 முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி 6. பதிலாக நிமிடத்துக்கு 3 வந்தால் கேட்டுவிட்டது என்று பொருள்.

#23 கற்பூரவல்லி

விலங்கு: கரடி இருக்கும் பூங்கா என்றால் ஓட்டம்தான் பிரச்சினையே. சத்தமில்லாமல் வேகமாக வளைவில் திரும்பினால் அதன் மேலேயே போய் நிற்போம். வளைவுக்கு முன்னால் குரல் கொடுங்கள், காதில் பாட்டு வேண்டாம். பார்த்துவிட்டால் திரும்பி ஓடாதீர்கள், அது துரத்தத் தூண்டும்; பேசிக்கொண்டே பின்னால் நகருங்கள். அதிகாலை 5 மணி அவற்றின் நடமாட்ட நேரமும்கூட, முதல் 3 கி.மீ. நெற்றி விளக்கோடு நடந்தாலும் குற்றமில்லை.

கொண்டை ஊசி வளைவுகளைக் குறுக்கே வெட்டி இறங்காதீர்கள். அந்தக் குறுக்கு வழி அடுத்த மழையில் வாய்க்காலாகி, மேல் வளைவையும் அரித்துவிடும்.

#24 நாழிகை

ஒரு சேர்க்கை. 2,740 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 72%. புதுத்தடம், உங்கள் 24 கி.மீ. ஓட்டம் எந்த உயரத்தில்? தாழ்வான இடத்தில் என்றால் ஆ, இ இரண்டுக்கும் 10% கூட்டுங்கள், 15 நிமிடம். தலைவலியோடு குமட்டலும் வந்தால் அன்றைக்குக் கீழ்நோக்கி மட்டும்தான்.

#25 புதுத்தடம்

1,200 மீட்டரில் ஓடியது. கூட்டிக்கொண்டேன், கணவாய் 8:30.

அலுவலகத்தில் பேசினேன். ஆற்றில் இருப்பது பருவகாலப் பலகைப் பாலம். இலையுதிர் காலத்தில் கழற்றி, உருகுநீர் வடிந்த பிறகு மாட்டுவார்களாம். இந்த ஆண்டு இன்னும் மாட்டவில்லை, தேதியும் சொல்லவில்லை. கணவாய்க்குக் கீழே பாதை தெரிகிறது, ஓரத்தில் மட்டும் திட்டு.

பாலம் வரும் வரை காத்திருக்கலாம் அல்லது 11:05க்கு ஆறு குறைவாக இருக்கும் என்று நம்பிப் போகலாம். ஆற்றங்கரை, உங்கள் கருத்து?

#26 ஆற்றங்கரை

நம்பி என்ற சொல் வந்துவிட்டதே, அப்புறம் என்ன கருத்து. பின்னாளில் கடக்க நேர்ந்தால் மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்: குறுகலான இடம் ஆழமாக இருக்கும், ஆறு விரிந்து கிளை பிரியும் இடமே கடக்கும் இடம். பையின் மார்புப் பட்டியைக் கழற்றிவிட்டு, ஷூவோடு, நீரோட்டத்தைப் பார்த்து நின்று, ஊன்றுகோலை முன்னால் குத்திப் பக்கவாட்டில் நகர வேண்டும். கீழ்ப்பக்கம் மரக்கட்டைகள் அடைத்துக் கிடந்தால் அங்கே வேண்டவே வேண்டாம்.

#27 நாழிகை

சுற்றை விட்டுவிட்டு, கணவாய் வரை போய் வந்த வழியே திரும்புவதற்குக் கணக்கு: 23 கி.மீ., ஏற்றம் 1,370. 36.7 முயற்சி-கி.மீ., 275 நிமிடம். ஆ துண்டின் உயரத்துக்கும் நிறுத்தத்துக்கும் அரை மணி சேர்த்தால் 5 மணி 5 நிமிடம். ஆறு இல்லை, முகடு இல்லை. ஏரி இரண்டு முறை வருகிறது.

#28 சரளைக்கால்

இறக்கம் 1,290 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அதுவும் ஒரே மூச்சில். தொடைக்குப் போதுமான வேலை இருக்கிறது, குறை வராது. ஷூவின் கடைசித் துளையில் கயிற்றை வளையமாகக் கோத்துக் குதிகாலை இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் பெருவிரல் நகம் கருக்கும்.

#29 கோட்டுக்கணக்கு

எல்லாம் சரி, 5 மணிக்கு வண்டி நிறுத்தத்தின் வாயில் திறந்திருக்குமா?

#30 புதுத்தடம்

இப்போதுதான் பார்த்தேன். 6 மணிக்குத்தான் திறக்கிறார்கள். அப்படியானால் சுற்றில் கணவாய் 9:30, ஆறு மதியம் 12:05. போய்த் திரும்புவதே முடிவு: 6 மணிக்குக் கிளம்பி, 9:45க்குள் கணவாய் வராவிட்டால் நின்ற இடத்திலேயே திரும்புகிறேன். சுற்று, பாலம் மாட்டிய பிறகு.

#31 இடிமேகம்

அந்த 9:45ஐ வாட்ச்சில் அலாரமா வையுங்க. மனசுல வெச்சா அது பத்தே கால் ஆயிடும்.